சாட்சித் துண்டு

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு நாற்பது வயது, பெயர் ஜெசிந்தா, ஸ்கூட்டரில் வருவார். சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, பெயர் மருதாசலம், மூக்கு நுனியில் எப்போதும் கோபம். அந்தக் கோபம்தான் அவரை குருவிடம் கொண்டுபோய் விட்டது. ஞானம் தேடி அவர் போகவில்லை.

கோவை கணபதியில் மருதாசலத்துக்கு ஒரு பம்ப்செட் பட்டறை. அதை மகனிடம் விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஒரு பழைய விமானத்தைச் சரி செய்துகொண்டிருந்தார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், ஏதோ ஒரு பறக்கும் சங்கம் கழித்துக்கட்டியது. உடம்பு இரும்புக் குழாய், ரெக்கை மரம், மேலே இழுத்துக் கட்டிய துணி. உடம்பு முற்றத்தில் நின்றது. ரெக்கைகள் இரண்டும் ஷெட்டுக்குள் முக்காலிகளின் மேல் படுத்திருந்தன. துணி காயப்போட வேறு இடம் இல்லாமல், அவர் மனைவி பூங்கோதையம்மாள் கொடிக்கயிற்றின் ஒரு நுனியை விமானத்தின் வாலில் கட்டியிருந்தார்.

ஜெசிந்தா பல வருஷம், இன்ஜின் இல்லாமல் பறக்கும் மரக் கிளைடர்களைப் பழுது பார்த்தவர். இப்போது விமான மெக்கானிக் படிப்பு சொல்லித்தரும் ஒரு கல்லூரியில் டீச்சர். அவரை விசாரித்துத் தேடிப் போன மருதாசலம், செய்தித்தாளில் சுற்றிய ஒரு மரத்துண்டை அவர் மேஜைமேல் பிரித்து வைத்தார். துண்டு கறுத்து, ஊறிக் காய்ந்த ரஸ்க் மாதிரி இருந்தது.

"இதை அழுக விட்டவன் யாருன்னு நீங்க சொல்லோணுங்க, டீச்சர்."

ஜெசிந்தா அதை விரலால் அழுத்தினார். பொடியாக உதிர்ந்தது.

"மீதி ரெக்கை எங்கீங்கண்ணா இருக்குது?"

மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மருதாசலம். முதலில் யார் என்று தெரிய வேண்டும். அவருக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் அவர் சொன்னால் கோபத்தில் பேசுகிறார் என்பார்கள். படித்தவர், விஷயம் தெரிந்தவர், நாலு பேர் முன்னால் சாட்சி சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

"சாட்சி சொல்றதுன்னா முதல்ல ரெக்கையைப் பாக்கோணுங்க" என்றார் ஜெசிந்தா. "ஞாயித்துக்கிழமை வர்றேன்."

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல எனக்கு மனசில்லை. அந்த விமானத்தை மருதாசலமும் பூங்கோதையம்மாளின் அண்ணன் பொன்னுரங்கமும் கூட்டாகத்தான் வாங்கினார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் அந்த நாளில் ஒரே பைக்கில் சுற்றுவார்கள். வானத்தில் சத்தம் கேட்டால் பேசுகிற பேச்சை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். வாங்கியதை நிறுத்தி வைக்கும் இடம் பொன்னுரங்கத்திடம்தான் இருந்தது. கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்பு, தோப்புக்குள் தகரம் போட்ட கொட்டகை. "நான் பாத்துக்கறேன் மாப்ள" என்று அவர்தான் வாயைத் திறந்து சொன்னார்.

பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு ஆடிக் காற்றில் தகரம் பறந்தது. அவர் திரும்பப் போடவில்லை. போதாததற்கு ரெக்கைகளின் மேல் மாட்டுத் தீவன மூட்டைகளை அடுக்கினார். மழை மூட்டையில் இறங்கியது, மூட்டையிலிருந்து துணியில் இறங்கியது, துணியிலிருந்து மரத்தில் இறங்கியது. பட்டறை வேலையில் தோப்புப் பக்கமே போகாமல் இருந்த மருதாசலம் ஒருநாள் போய் ரெக்கையில் விரலை வைத்தார். விரல் உள்ளே போய்விட்டது.

அப்போதாவது பொன்னுரங்கம் வருத்தமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்தார்.

"உடு மாப்ள. இனி இது வெறகுக்குத்தான் ஆவும்."

அதோடு பேச்சு நின்றது. மருதாசலம் லாரி பிடித்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார். இதைப் பறக்க வைத்து, பொன்னுரங்கத்தின் மொட்டைமாடிக்கு மேலே ஒரு வட்டம் அடித்த பிறகுதான் அந்த வீட்டு வாசலை மிதிப்பேன் என்று சபதம் போட்டார். சபதம் அவருடையது, அதைச் சுமந்தது பூங்கோதையம்மாள். பிறந்த வீட்டு விசேஷங்களுக்கு அவர் தனியாகவே போனார். "மாப்ளை வரலீங்களா" என்று கேட்கிறவர்களிடம் பட்டறையில் வேலை என்று சொன்னார். வருஷக் கணக்காக ஒரே பொய்யைச் சொல்வது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று சபதம் போடுகிறவர்கள் ஒருபோதும் யோசிப்பதில்லை.

ஜெசிந்தா ஞாயிற்றுக்கிழமை வந்தார். ரெக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே, காதைக் கிட்டே வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். இடது ரெக்கை நல்ல மரம் என்றார். வலது ரெக்கையில்தான் கோளாறு. ரெக்கையைத் தாங்கும் நீளக் கட்டை, முதுகெலும்பு மாதிரி உள்ளே ஓடுவது, பாதிக்கு மேல் போய்விட்டது. அழுகியதை வெட்டியெடுத்து, நல்ல பக்கத்தைச் சரிவாகச் சீவி, புது மரத்தையும் அதே சரிவில் சீவி ஒட்ட வேண்டும்.

"அவன்தானே அழுக விட்டான், டீச்சர்?"

"உளி இருக்குங்களா?"

மருதாசலம் உளியை எடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் மச்சான் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே அழுகலைக் கொத்தினார். கறுப்புத் துகள் பறந்தது. வெகுநேரம் கொத்தினார். ஜெசிந்தா உளியின் மேல் கையை வைத்தார்.

"நல்ல மரத்துக்குள்ள போயிட்டீங்கண்ணா."

மருதாசலம் குனிந்து பார்த்தார். வெள்ளை மரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கொத்தியிருந்தது.

அப்படித்தான் அவர் சீடரானார். ஒவ்வொரு ஞாயிறும் ஜெசிந்தா வருவார், ஒரு வேலையைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். மருதாசலம் அதை வாரம் முழுக்கச் செய்வார்.

ஜெசிந்தாவிடம் ஒரு சட்டம் இருந்தது. பசை கலக்குகிற ஒவ்வொரு தடவையும் அதே கிண்ணத்துப் பசையில், அதே மரத்தின் இரண்டு சிறு துண்டுகளை ஒட்டி, ரெக்கையை எப்படி இறுக்கினோமோ அதேபோல் இறுக்கி, தனியே வைக்க வேண்டும். பசை காய்ந்த பிறகு அதை வைஸில், பெஞ்சில் பொருத்திய இரும்பு இடுக்கியில், பிடித்து உடைக்க வேண்டும். மரம் பிய்ந்து வந்தால் ஒட்டு நல்லது. மரம் அப்படியே இருந்து ஒட்டு பிரிந்தால் அன்றைக்கு ஒட்டிய அத்தனையும் கெட்டது. அந்தத் துண்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் சாட்சி. ஷெட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வியே "சாட்சி எங்கீங்க" என்பதுதான்.

மருதாசலத்துக்கு இது பிடிக்கவில்லை. பம்ப்செட்டுக்கு யாரும் சாட்சி வைப்பதில்லை. இறுக்கினால் நிற்கும், இறுக்காவிட்டால் ஒழுகும், அவ்வளவுதான் அவர் தொழில். அவருடைய பட்டறையில் ஒரு போல்ட்டை முழுக்க முடுக்கிய பிறகும் "இன்னொரு சுத்து" என்பார். அதே கையோடு, ஒட்டிய மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்புகளையும் முடுக்கினார். ஜெசிந்தா வந்து ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்.

"மரமும் மரமும் தொட்டா போதுங்கண்ணா. ஓரத்துல பசை முத்து முத்தா எட்டிப் பாக்கட்டும். ஓடக் கூடாது."

"லூசா இருந்தா நிக்குங்களா?"

"லூசா வைக்கச் சொல்லலீங்க."

ஒருமுறை ஒரு சாட்சி வைஸில் சுத்தமாகப் பிரிந்து வந்துவிட்டது. ஜெசிந்தா ரம்பத்தை எடுத்து, அந்த வாரம் மருதாசலம் ஒட்டியிருந்த குறுக்குச் சட்டத்தை இரண்டாக அறுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஒரு வாரத்து வேலை. 

"ஏனுங்க டீச்சர் இப்படிப் பண்றீங்க? ஒரு துண்டு பிரிஞ்சா ரெக்கையே பிரியுமுங்களா?"

"தெரியாதுங்கண்ணா. அதனாலதான் அறுத்தேன்."

அவர் அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனால் சட்டத்தைத் திரும்பச் செய்தார். அடுத்த சாட்சி மரத்தோடு பிய்ந்து வந்தது. வலது ரெக்கையில் எல்லாம் முடிந்து, அந்த நீளக் கட்டையின் சரிவு ஒட்டு ஒன்றுதான் மீதி இருந்தது.

அந்த ஒட்டைப் போட்ட அன்றுதான் பொன்னுரங்கம் வந்தார்.

மகளுக்குக் கல்யாணம். மனைவியோடு, வெற்றிலை பாக்கு பழம் பத்திரிகை எல்லாம் வைத்த தட்டோடு நேரில் அழைக்க வந்திருந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அண்ணன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் பூங்கோதையம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஷெட்டுக்கு ஓடிவந்து கணவரைக் கூப்பிட்டார்.

"பசை கலக்கிட்டேன். வர முடியாது" என்றார் மருதாசலம்.

அது உண்மைதான். கலக்கிய பசை யாருக்காகவும் காத்திருக்காது. ஆனால் உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒருவரை அவமானப்படுத்த முடியும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பொன்னுரங்கம் தட்டை எடுத்துக்கொண்டு தானே ஷெட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, தோல் உரிந்த ரெக்கையை, புது மரத்தை, வரிசையாக நின்ற சட்டங்களைப் பார்த்தார்.

"அட, ரெக்கையாட்டவே ஆயிருச்சே மாப்ள."

அது கேலியா, வியப்பா, அல்லது பயந்துபோய் வாயில் வந்ததைச் சொன்னாரா, யார் கண்டது. மருதாசலம் கேலி என்று எடுத்துக்கொண்டார். தலையைத் திருப்பவில்லை. சரிவுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திவிட்டு முதல் கிளாம்ப்பை முடுக்கினார். பொன்னுரங்கம் மண்டபத்தின் பெயரையும் நாளையும் சொன்னார். மருதாசலம் இரண்டாவதை முடுக்கினார். நீ வந்து முன்னால் நிற்க வேண்டும், உன் கையால் மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார் பொன்னுரங்கம். மருதாசலம் மூன்றாவதை முடுக்கினார். பசை ஓரத்தில் எட்டிப் பார்த்தது, வழிந்தது, கட்டையின் பக்கவாட்டில் ஓடித் தரையில் சொட்டியது. பொன்னுரங்கத்தின் செருப்பு நுனியிலும் ஒரு சொட்டு விழுந்தது. அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை. சற்று நின்று பார்த்துவிட்டு, மரத்தூள் படிந்த பெஞ்சின் மேல் தட்டை வைத்துவிட்டுப் போனார்.

போன பிறகும் மருதாசலம் ஒவ்வொரு கிளாம்ப்பையும் இன்னொரு சுற்று முடுக்கினார். அப்புறம் இன்னொன்று.

அன்றைக்கு அவர் சாட்சி வைக்கவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல, கோபத்தில் மறந்துபோனார். ராத்திரி சோற்றில் கையை வைத்தபோதுதான் நினைவு வந்தது. அதற்குள் கிண்ணத்தில் மீந்த பசை கல்லாகிவிட்டது. மறுநாள் காலையில் புதிதாகக் கொஞ்சம் கலக்கி, இரண்டு துண்டுகளை எடுத்து, நிதானமாக, ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தபடி, முத்து முத்தாகப் பசை எட்டிப் பார்க்கிற அளவுக்கு இறுக்கி ஒரு சாட்சி செய்தார். அதே டப்பாப் பசை, அதே பலகையின் மரம், எந்த நாள் செய்தால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா அதை வைஸில் வைத்து உடைத்தார். மரம் நார் நாராகப் பிய்ந்து வந்தது.

"பாத்தீங்களா" என்றார் மருதாசலம். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஜெசிந்தா உடைந்த துண்டின் ஓரத்தில் முத்து முத்தாக நின்ற பசையைப் பார்த்தார். பிறகு ரெக்கைக்குப் போய்ச் சரிவு ஒட்டின் மேல் கட்டை விரலை ஓட்டினார். தரையில் காய்ந்து கிடந்த பசைச் சொட்டுகளைப் பார்த்தார். 

மருதாசலம் பேச்சை ஆரம்பித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் வரவேற்பு. சொந்தபந்தம் முழுக்க மண்டபத்தில் இருக்கும். டீச்சர் வர வேண்டும். அத்தனை பேர் முன்னால், இந்த ரெக்கையை அழுக விட்டது பொன்னுரங்கம்தான் என்று சாட்சி சொல்ல வேண்டும். அவன் தலையைக் குனிய வேண்டும். அது நடந்தால் சபதத்தை விட்டுவிட்டு அவரும் மண்டபத்துக்குள் வருவார்.

காபி டம்ளரோடு ஷெட்டு வாசலுக்கு வந்த பூங்கோதையம்மாள் இதைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

ஜெசிந்தா உடைந்த துண்டைக் கையில் எடுத்தார்.

"சொல்றேங்கண்ணா. எந்த மாதிரி சாட்சி வேணுங்க? இந்த மாதிரியா?"

மருதாசலத்தின் சிரிப்பு போய்விட்டது.

"என்ன சொல்றீங்க?"

"இதை ஒட்டுன கை வேறீங்க. அதை ஒட்டுன கை வேற."

மருதாசலம் வெடித்தார். அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை. நீங்களும் அவனோடு சேர்ந்துகொண்டு விறகு என்று சொல்ல வந்தவர்தானா என்று கேட்டது அதில் கொஞ்சம் மரியாதையான பகுதி. இரும்பில் முப்பத்தைந்து வருஷம் பழகிய கைக்கு இறுக்கச் சொல்லித்தர யாரும் வேண்டாம் என்றார். சத்தத்தில் முற்றத்துக் கொடியில் உட்கார்ந்திருந்த காக்கை எழுந்து போனது.

ஜெசிந்தாவுக்கும் கோபம்தான். அவருடைய கோபம் சத்தம் போடாது, அவ்வளவுதான் வித்தியாசம். உளிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"அந்தக் கட்டையை நம்பி ரெண்டு பேர் மேல போவாங்க. அதுல ஒருத்தர் நீங்க. பொய்ச் சாட்சி வச்ச ரெக்கையில நான் இனிக் கை வைக்க மாட்டேங்க."

ஸ்கூட்டர் கிளம்பிய பிறகும் மருதாசலம் கத்திக்கொண்டிருந்தார். பூங்கோதையம்மாள் ஆறிப்போன காபியைத் தோட்டத்தில் கொட்டிவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். வியாழக்கிழமை மத்தியானம் பூங்கோதையம்மாள் பட்டுச் சேலையோடும் ஒரு பையோடும் கிளம்பினார். மருதாசலம் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இருந்தார். அந்த டீச்சரம்மா வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

பூங்கோதையம்மாள் பையைக் கீழே வைத்தார்.

"எங்கண்ணன் பண்ணுனது தப்புத்தானுங்க. நான் என்னைக்கும் இல்லீன்னு சொன்னதில்ல. ஆனா எங்கண்ணன் பொண்ணு கல்யாணத்துல, எங்கண்ணனைத் தலை குனிய வைக்கறதுக்குன்னு நீங்க வர்றதா இருந்தா, வராதீங்க. புருஷனோட போய் அங்க நிக்கோணும்னு இத்தனை வருஷமா ஆசைப்பட்டேன். இப்ப அந்த ஆசையும் போச்சு."

மருதாசலம் பேப்பரை இறக்கினார். அவர் வாய் திறக்குமுன் அம்மாள் முடித்துவிட்டார்.

"உங்களுக்கு அவர் மேல கோபம். எனக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் கோபம். ஆனா என்ற கோபத்தை வச்சுக்க இந்த ஊட்ல ஒரு ஷெட்டு இல்லீங்க."

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. சாதாரணமாகத்தான் சாத்தினார்.

மருதாசலத்துக்கு இப்போது மூன்று பேர் மேல் கோபம். மச்சான் சிரித்தான், டீச்சர் பொய்யன் என்றார், மனைவி வராதே என்கிறாள். ஷெட்டுக்குப் போனார். ஒன்றை மட்டும் நிரூபித்துக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த ஒட்டு நல்ல ஒட்டு. சரிவின் ஓரத்தில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் மரம் பிய்ந்து வரும். பிய்ந்த சில்லை எடுத்துக்கொண்டு நேரே அந்தக் கல்லூரிக்குப் போய் மேஜைமேல் வீச வேண்டும். கட்டையில் ஒரு காயம் விழும், விழட்டும்.

கிளாம்ப்புகளைக் கழற்றினார். ஒவ்வொன்றையும் கழற்றவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. சரிவின் கோட்டில் உளியை வைத்தார். கொட்டாப்புளியை ஓங்கினார்.

ஓங்கிய அளவுக்கு அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் தட்டிலேயே உளி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. புது மரம் ஒரு பக்கமும் பழைய மரம் ஒரு பக்கமும், டப்பா மூடி திறப்பதுபோல் விலகின. நார் ஒன்றுகூடப் பிய்யவில்லை. ஒரு சில்லும் இல்லை.

மருதாசலம் ஒட்டின் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சீவியது சீவியபடியே இருந்தது. கையால் தடவினார். பசை தொட்டுவிட்டுப் போன மினுமினுப்பு அங்கங்கே இருந்தது, மற்றபடி வெறும் மரம். இந்த ஒட்டு விமானத்தில் ஏறி மேலே போயிருக்கும். பொன்னுரங்கத்தின் மொட்டைமாடிக்கு மேலே, அவர் ஆசைப்பட்ட அதே இடத்தில், வட்டம் அடிக்கச் சாய்கிறபோது பிரிந்திருக்கும். கீழே யார் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் அப்படியே இருக்கும்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஜெசிந்தா பட்டுச் சேலையில் வந்திருந்தார். பூங்கோதையம்மாள் அவருக்கும் பத்திரிகை கொடுத்திருந்தார் என்பது மருதாசலத்துக்குத் தெரியாது.

"சாட்சி சொல்ல வரச் சொன்னீங்களே. மண்டபத்துக்குப் போற வழிதான்னு வந்தேன்" என்றார். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

பிறகு மருதாசலத்தின் கையில் இருந்த கட்டை நுனியைப் பார்த்தார். கிட்டே வந்து, மரத்தூளைத் தட்டாமலே, பட்டுச் சேலையோடு எதிர் முக்காலியில் உட்கார்ந்தார்.  வரவேற்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க கேட்டதை இப்ப சொல்லிர்றேங்கண்ணா" என்றார். "இந்த ரெக்கையை அழுக விட்டது பொன்னுரங்கண்ணன்தான். தகரம் போடாத கொட்டகை, தீவன மூட்டை, மழைத் தண்ணி. அதுல எனக்குச் சந்தேகமே இல்லீங்க. மண்டபத்துல நாலு பேர் முன்னால கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் மருதாசலம் இந்தப் பெண்ணைத் தேடிப் போனார். இதற்காகத்தான் ஞாயிறு தவறாமல் உளி பிடித்தார். துள்ளி எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது, அந்தக் கோபத்தை யார் மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை.

"அது கெடக்குதுங்க" என்றார். புதுக் கட்டையின் நுனியை ஜெசிந்தாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதைச் சொல்லுங்க. புது மரம். நல்ல பசை. கிண்ணம் வழிய வழியக் கலக்கி, ரெண்டு பக்கமும் தடவி, நான்தானுங்க ஊத்துனேன். இந்தக் கையால ஊத்துனேன். பாருங்க, உள்ள ஒரு பொட்டு இல்ல. அத்தனையும் எங்க போச்சு?"

 நீட்டிய கை இறங்கவில்லை.

ஜெசிந்தா கட்டையின் நுனியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஊத்துனீங்கண்ணா. உள்ள இருக்கறதுக்கு எடம் உடலீங்க."

 மருதாசலம் எழுந்து, மண்டபத்துக்குக் கிளம்பக் கை கழுவப் போனார்.